ஸ்பானிஷ் படிக்க பார்சிலோனாவா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் இருங்க

நீளமான இழை. வழக்கமான சுகர், பிரஷர் பதிவு இல்லை. ஆனா சுத்தி சுத்தி கடைசியில ஓபிக்குத்தான் வரும். பொறுமையா படிங்க.

போன வாரம் நைட் டியூட்டியில இருக்கும்போது சித்தப்பா பொண்ணு கூப்பிட்டா. அவளும் டாக்டர்தான். மூணு வருஷமா அமெரிக்கப் பரீட்சைகளை எழுதி, இந்த வருஷம் டெக்சாஸ்ல இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி கிடைச்சிருக்கு. ஜூலை மாசம் சேரணும்.

"அண்ணா, அந்த ஆஸ்பத்திரியில பாதிப் பேருக்கு மேல ஸ்பானிஷ்தான் பேசுவாங்களாம். நடுவுல எட்டு வாரம் சும்மாதான் இருக்கேன். பார்சிலோனாவுல ஒரு கோர்ஸ் இருக்குன்னு கன்சல்டன்சியில சொல்றாங்க. போகட்டுமா?"

எவ்வளவு ஆகும்னு கேட்டேன். தங்குறது, டிக்கெட், ஃபீஸ் எல்லாம் சேர்த்து அஞ்சரை லட்சமாம். "அப்பா நகையை வைக்கிறேன்னு சொல்றார்ணா" என்றாள்.

அந்த நகை எதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு இதுல கொஞ்சம் அனுபவம் உண்டு. 2018-ல நானும் அமெரிக்கா போற கனவுல இருந்தவன்தான். கையிலிருந்த காசை எடுத்துக்கிட்டு குவாதமாலாவுக்குப் போய் அஞ்சு வாரம் ஸ்பானிஷ் படிச்சேன். ஆமா, குவாதமாலா. மெக்சிகோவுக்குக் கீழ இருக்கிற சின்ன நாடு. வீட்டுல அந்தப் பேரைச் சொன்னப்போ அம்மா அது ஏதோ மருந்து பேருன்னு நினைச்சாங்க. அப்புறம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது, அமெரிக்கா போகல, எம்ஆர்பி தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்தாச்சு. ஸ்பானிஷ் பாதி மறந்துபோச்சு. ஆனா மொழி கத்துக்க ஊர் தேடுறதுல எங்க தப்பு பண்ணுவோம்னு அந்த அஞ்சு வாரத்துல கத்துக்கிட்டது மறக்கல.

முதல் வாரம் ஆன்டிகுவாவுல இருந்தேன். ரொம்ப அழகான ஊர். கல் பாவின தெரு, மஞ்சள் நிறத்துல பழைய கட்டடங்கள், மாடியில நின்னா ஃபுவேகோ எரிமலை புகை விடுறது தெரியும். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். நெட்ல "ஸ்பானிஷ் படிக்க சிறந்த ஊர்"னு தேடினா முதல் வரிசையில வரும். மொழிப் பள்ளிகளுக்குக் கணக்கே இல்லை.

பள்ளிக்கூடத்துல குறை சொல்ல ஒண்ணுமில்லை. பிரச்சனை மதியம் ஒரு மணிக்கு மேல ஆரம்பிக்கும். என்னைத் தங்க வெச்ச வீட்டுல என்னோட சேர்த்து ஆறு வெளிநாட்டுக்காரங்க. சாப்பாட்டு மேசையில பேச்சு முழுக்க இங்கிலீஷ். காபிக்கடையில நான் திக்கித் திணறி ஸ்பானிஷ்ல கேட்டா அந்தப் பொண்ணு அழகான இங்கிலீஷ்ல பதில் சொல்லுது. ஒரு வாரம் முடிஞ்சப்போ எண்ணிப் பார்த்தேன். வகுப்புக்கு வெளியில நான் பேசின ஸ்பானிஷ் வாக்கியம் ஒரு நாளைக்கு பத்து தேறாது.

ரெண்டாவது வாரம் பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறினேன். அமெரிக்காவுல ஸ்கூல் பஸ்ஸா ஓடி ஓய்ஞ்சதை வாங்கி, கலர் கலரா பெயின்ட் அடிச்சு ஓட்டுறாங்க. நம்ம ஊர் மினி பஸ் தோத்துடும். கெட்சால்தெனாங்கோன்னு ஒரு ஊர். வாயில நுழையலையா? அந்த ஊர்க்காரங்களே ஷேலான்னுதான் சொல்வாங்க. கடல் மட்டத்துல இருந்து 2,300 மீட்டருக்கு மேல. ஊட்டியை விடக் கொஞ்சம் உயரம். ராத்திரி குளிர்ல மூணு கம்பளி வேணும். பார்க்கப் பெருசா ஒண்ணும் இல்லை. அதனாலயே டூரிஸ்ட் கம்மி.

அங்கதான் கத்துக்கிட்டேன்.

காலையில அஞ்சு மணி நேரம் வகுப்பு. ஒரு ஆசிரியைக்கு ஒரே ஒரு மாணவன். எதிர்ல ஒருத்தர் உக்காந்து கண்ணைப் பார்த்துப் பேசும்போது கடைசி பெஞ்சே கிடையாது. மீதி நேரம் வீடு. ஒரே ஒரு குடும்பம், நான் ஒருத்தன்தான் வெளியாள். மூணு வேளை சாப்பாடு, கருப்பு பீன்ஸும் சோள ரொட்டியும். வகுப்பு, தங்குறது, சாப்பாடு எல்லாம் சேர்த்து அப்போ வாரத்துக்கு 200 டாலருக்கும் கீழ. நம்ம காசுக்கு பதிமூணாயிரம் சொச்சம். இப்போ கூடியிருக்கும், ஆனாலும் ஐரோப்பாவோட ஒப்பிட்டா இன்னும் சல்லிசுதான். ஐரோப்பாவுல இந்தக் காசுக்குப் பத்துப் பன்னெண்டு பேர் உக்கார்ற வகுப்புதான் கிடைக்கும், தங்குறது தனி.

இப்போ பார்சிலோனாவுக்கு வருவோம்.

நான் போனதில்லை. அழகான ஊர்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா ஒரு விஷயத்தை அந்த கன்சல்டன்சி என் தங்கச்சிகிட்ட சொல்லவே இல்லை. பார்சிலோனா கத்தலோனியாவோட தலைநகர். அங்க கத்தலான்னு தனி மொழி இருக்கு. அது ஸ்பானிஷோட வட்டார வழக்கு இல்லை, சொந்த இலக்கணம், சொந்த இலக்கியம் உள்ள வேற மொழி. அரசுப் பள்ளிக்கூடங்கள்ல அதுதான் முக்கியப் பயிற்று மொழி, தெருப் பலகைகள்ல அதுதான் இருக்கும். ஸ்பானிஷும் எல்லாருக்கும் தெரியும், பேசுவாங்க. ஆனா ஒரு மொழியோட அரிச்சுவடி கத்துக்க எட்டே வாரம் வெச்சுக்கிட்டு, காதுல ரெண்டு மொழி விழுற ஊருக்கு ஏன் போகணும்? ஹிந்தி கத்துக்க மங்களூருக்குப் போன மாதிரின்னு சொன்னேன். சிரிச்சா. ஒப்பீடு கொஞ்சம் அதிகப்படிதான், ஆனா அவளுக்குப் புரிஞ்சது.

"சரி, அப்போ சாலமான்காவா?" அதுவும் ஸ்பெயின்தான். 1218-ல தொடங்கின பல்கலைக்கழகம், வெளிநாட்டுக்காரங்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுக்குறதுக்குப் பேர் போன ஊர். தெளிவான காஸ்தியன் ஸ்பானிஷ். ஸ்பெயின்லயே டாக்டரா வேலை பாக்கணும்னு யாராவது கேட்டா கண்ணை மூடிக்கிட்டு ஸ்பெயின் உள்நாட்டு ஊர் ஏதாவது ஒண்ணுக்குப் போகச் சொல்லுவேன். அந்த வழியில நம்ம டிகிரியை அங்க அங்கீகரிக்க வைக்கணும், மொழிச் சான்றிதழ் வாங்கணும், மிர்னு ஒரு தேர்வு எழுதணும், அதெல்லாம் நீண்ட கதை. அதுக்கு ஸ்பெயின்லதான் வேர் பிடிக்கணும்.

ஆனா இவ போறது டெக்சாஸுக்கு.

1836 வரைக்கும் டெக்சாஸே மெக்சிகோவோட பகுதி. இன்னைக்கும் அங்க இருக்கிற ஸ்பானிஷ் குடும்பங்கள்ல பெரும்பான்மை மெக்சிகோ வம்சாவளி. இவ முன்னாடி வந்து உக்காரப்போற அம்மா பேசுறது மெக்சிகோ ஸ்பானிஷ். சாலமான்கா பேராசிரியர் பேசுற ஸ்பானிஷ் இல்லை.

ஸ்பானிஷ் 20 நாடுகள்ல ஆட்சி மொழி. எல்லாம் ஒரே மொழிதான், ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குப் புரியும். தகராறு சின்னச் சின்ன சொல்லுல வரும், அதுவும் உடம்பு சம்பந்தப்பட்ட சொல்லுல.

"குவாகுவா"ன்னு ஒரு சொல். சிலி, ஈக்வடார், பெரு, பொலிவியாவுல கைக்குழந்தை. கியூபா, டொமினிக்கன் குடியரசு பக்கம் பஸ். "குவாகுவாவுல இருந்து விழுந்துட்டேன்"னு ஒருத்தர் கேஷுவாலிட்டிக்கு வந்தா, நீங்க எங்க படிச்சீங்கங்கிறதைப் பொறுத்து கொஞ்ச நேரம் முழிப்பீங்க.

"கோன்ஸ்டிபாதோ"ன்னா ஸ்பெயின்ல சளி பிடிச்சிருக்குன்னு அர்த்தம். லத்தீன் அமெரிக்காவுல பல இடங்கள்ல மலச்சிக்கல். மாத்திரை எழுதுற கைக்கு இந்த வித்தியாசம் தெரியணுமா இல்லையா?

ஸ்பெயின்ல பஸ் பிடிக்கிறதுக்குச் சாதாரணமா சொல்ற ஒரு வினைச்சொல் மெக்சிகோவுலயும் அர்ஜென்டினாவுலயும் கெட்ட வார்த்தை. என்னன்னு இங்க எழுதல, பெரியவங்களும் படிக்கிறாங்க.

அடுத்து நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா குடும்பங்கள் குழந்தையைத் தூக்கிட்டு வந்து "எம்பாச்சோ"ன்னு சொல்வாங்க. சாப்பிட்டது குடல்ல ஒட்டிக்கிச்சு, செரிக்கல, வயிறு உப்பிசம். நம்ம ஊர்ல "தொக்கம் விழுந்திருக்கு"ன்னு சொல்லி தொக்கம் எடுக்கப் போவாங்களே, கிட்டத்தட்ட அதேதான். நியூயார்க்ல வளர்ந்த டாக்டருக்கு இது புதுசா இருக்கும். நமக்கு இல்லை. நாம இதைக் கேட்டு வளர்ந்தவங்க, சிரிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவங்க.

எம்பாச்சோவுக்கு அவங்க வீட்டு வைத்தியத்துல "அசார்கோன்"னு ஆரஞ்சு நிறப் பொடி, "கிரேத்தா"ன்னு மஞ்சள் பொடி உண்டு. ரெண்டுமே காரீயம். ஈயம்! குழந்தைக்கு வயித்துவலின்னு கொடுக்கிற பொடியே ஈய நஞ்சா மாறி, திரும்ப வயித்துவலியை உண்டாக்கும், மூளையையும் பாதிக்கும். அமெரிக்காவுல இது பல தடவை பதிவாகியிருக்கு. ஒரு அம்மாகிட்ட பக்குவமா "வீட்டுல என்ன பொடி கொடுத்தீங்க?"ன்னு கேக்கத் தெரிஞ்ச டாக்டர், அந்த ஒரு கேள்வியால ஒரு குழந்தையைக் காப்பாத்தலாம். பார்சிலோனா வகுப்புல ஓட்டல்ல எப்படி ஆர்டர் பண்றதுன்னு சொல்லித் தருவாங்க, இதைச் சொல்லித் தர மாட்டாங்க.

அதனால என் பதில் மெக்சிகோ.

இன்னொரு வசதியும் இருக்கு. செல்லுபடியாகிற அமெரிக்க விசா பாஸ்போர்ட்ல இருந்தா இந்தியர்கள் மெக்சிகோவுக்குத் தனி விசா இல்லாம போகலாம். இவகிட்ட அப்சர்வர்ஷிப் போனப்போ எடுத்த பி1/பி2 இன்னும் இருக்கு. ஆனா ஒரு சிக்கல். ரெசிடென்சிக்கான புது விசா ஸ்டாம்பிங்குக்கு பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டா அது திரும்பி வர்ற வரைக்கும் நகர முடியாது. அந்தத் தேதியை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் டிக்கெட் போடணும். கன்சல்டன்சி இதையும் கேக்கல.

மெக்சிகோவுல எந்த ஊர்? இங்க ஆன்டிகுவா பாடம் ஞாபகம் வெச்சுக்கணும். சான் மிகெல் தெ அயெந்தே அழகு கொட்டிக் கிடக்கிற ஊர், ஆனா ஓய்வு பெற்ற அமெரிக்கர்கள் நிறைய குடியிருக்காங்க, இங்கிலீஷ்லயே காலம் தள்ளிடலாம். குவானஹுவாத்தோ நல்ல மாணவர் ஊர், ஆனா அந்த மாநிலத்துல கும்பல் வன்முறை அதிகம். ஊருக்குள்ள ஒப்பீட்டளவுல அமைதின்னாலும் சித்தப்பா தூங்க மாட்டார். குவெர்நவாக்காவும் மொழிப் பள்ளிகளுக்குப் பேர் போன ஊர். 1960-கள்ல இவான் இல்லிச் அங்கதான் ஒரு மையம் நடத்தினார், வட அமெரிக்கப் பாதிரியார்களும் தொண்டர்களும் அங்க வந்து ஸ்பானிஷ் படிச்சாங்க. பின்னாடி மருத்துவத் துறையே மக்களுக்கு நோயை உண்டாக்குதுன்னு புத்தகம் எழுதி டாக்டர்களை எல்லாம் கடுப்பாக்கினாரே, அதே இல்லிச். உதவி பண்றேன்னு மொழியும் ஊரும் தெரியாம கிளம்பி வர்றவங்க மேல அவருக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. அதுல எனக்கு உடன்பாடுதான்.

கடைசியில வஹாக்காவும் கெரேத்தரோவும் மிஞ்சுச்சு. வஹாக்காவுல சாப்பாடு பிரமாதம், ஆனா டூரிஸ்ட் கூட்டமும் வருஷா வருஷம் ஏறுது. கெரேத்தரோ ஒரு சாதாரணமான, வேலை பாக்கிற ஊர். 74 வளைவு உள்ள பழைய கல் நீர்ப்பாலம் ஒண்ணு இருக்கு, அதைப் பார்த்துட்டா அப்புறம் சுத்திப் பாக்க பெருசா அலைய வேண்டியதில்லை. எனக்கு அதுதான் பிடிச்சது.

எட்டு வாரமும் அங்க போக வேண்டாம்னும் சொன்னேன். முதல் நாலு வாரம் இங்க வீட்டுலயே ஆன்லைன்ல. டெல்லியில ஸ்பெயின் அரசோட இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ் இருக்கு, அது மாதிரி ஒரு நல்ல இடத்துல அடிப்படையை முடிச்சுடு. "நான், நீ, அவன்" கத்துக்க கடல் தாண்டிப் போய் டாலர் கொடுக்கக் கூடாது.

அதுவும் தமிழ் பேசுறவங்களுக்கு ஆரம்பம் ரொம்ப லேசு. ஸ்பானிஷ்ல தனியா கொம்பு வெச்ச ஒரு எழுத்து இருக்கு, அது நம்ம ஞ. இங்கிலீஷ்காரங்க "த"வைச் சொல்ல நாக்கைப் பிசைவாங்க, நமக்கு வாயைத் திறந்தா வரும். "பெரோ"ன்னா "ஆனால்", நாக்கை உருட்டி "பெர்ரோ"ன்னு அழுத்தினா "நாய்". ரகர றகரத்துக்கு அடி வாங்கிப் படிச்சவங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? எல்லாத்தையும் விட, "தூ"ன்னா நீ, "உஸ்தெத்"ன்னா நீங்க. வயசான நோயாளியை எப்போ "நீங்க"ன்னு கூப்பிடணும்னு அமெரிக்க மாணவனுக்கு ஒரு பாடம் முழுக்க நடத்தணும். நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இப்போ நான் பயப்படுற இடத்துக்கு வர்றேன். நாலு வாரம் அங்க இருந்துட்டு வந்தா ஸ்பானிஷ் தெரியும்னு நம்பிக்கை வந்துடும். அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

என் முதல் போஸ்டிங் கிருஷ்ணகிரி மாவட்டத்துல, எல்லையை ஒட்டின ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். ஓபியில பாதி தெலுங்கு. எனக்கு சினிமா தெலுங்கு தெரியும், சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன். ஒரு பாட்டி வந்தாங்க, தள்ளாடி உக்காந்தாங்க, "கள்ளு திருகுதுன்னாயி"ன்னாங்க. என் காதுல விழுந்தது ஒரே ஒரு சொல். கள்ளு. "எவ்வளவு குடிச்சீங்க பாட்டி?"ன்னு கேட்டேன். கேலியா வேற கேட்டேன். கேஸ் ஷீட்ல எழுதக்கூட ஆரம்பிச்சுட்டேன்.

பக்கத்துல நின்ன ஸ்டாஃப் நர்ஸ் அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "சார், கண்ணு சுத்துதுன்னு சொல்றாங்க. தெலுங்குல கள்ளுன்னா கண்ணு." சுகர் பார்த்தா 48. காலையில மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம பஸ் ஏறி வந்திருக்காங்க. அக்கா அங்க இல்லன்னா, "குடிச்சிருக்கு, தெளியட்டும்"னு நான் ஓரமா படுக்க வெச்சிருப்பேன். அந்த நாளை நினைச்சா இன்னும் உள்ளங்கை வேர்க்குது.

இதே மாதிரி ஒண்ணு அமெரிக்காவுல நடந்து, அங்க தடுக்க யாரும் இல்லாமப் போச்சு. 1980, ஃப்ளோரிடா. 18 வயசுப் பையனை மயக்க நிலையில கொண்டு வர்றாங்க. கியூபா வம்சாவளிக் குடும்பம். "இன்டோக்சிகாதோ"ன்னு சொல்றாங்க. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கலன்னு அவங்க அர்த்தம். ஆஸ்பத்திரியில கேட்டவங்களுக்கு அது "இன்டாக்சிகேட்டட்"னு விழுந்தது. போதை மருந்து ஓவர்டோஸ்னு வைத்தியம் நடந்தது. உண்மையில அந்தப் பையனுக்கு மூளையில ரத்தக்கசிவு. கண்டுபிடிக்கிறதுக்குள்ள நேரம் போயிடுச்சு, கை கால் நாலும் செயலிழந்தது. சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீடுன்னு முடிஞ்ச வழக்கு. மொழிபெயர்ப்பாளரை யாருமே கூப்பிடல. ஏன்னா ரெண்டு பக்கமும் புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சுட்டாங்க.

அதனால தங்கச்சிகிட்ட கண்டிப்பா சொல்லியிருக்கேன். அரசுப் பணம் வாங்குற அமெரிக்க ஆஸ்பத்திரிகள் மொழிபெயர்ப்பாளர் வசதி கொடுத்தே ஆகணும், சட்டம் அது. ஹிஸ்டரி, ஆபரேஷன் சம்மதம், கெட்ட செய்தி, இது மூணுக்கும் அவங்களைக் கூப்பிடு. கூட வந்த பத்து வயசுக் குழந்தையை அம்மாவுக்காகப் பேச வைக்காதே. உன் ஸ்பானிஷ் காலையில ரவுண்ட்ஸ்ல "ராத்திரி தூங்கினீங்களா, வலி எப்படி இருக்கு, பேரன் வந்தானா"ன்னு கேக்கிறதுக்கு. அது சின்ன விஷயம் இல்லை. வார்டுல மொழி தெரியாமப் படுத்திருக்கிறவங்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

ஷேலாவுல நான் தங்கின வீட்டுல ஒரு பாட்டி இருந்தாங்க. அவங்க தாய்மொழி கிச்சே. குவாதமாலாவுல மட்டும் 22 மாயன் மொழிகள் இருக்கு. மக கூட ஸ்பானிஷ்ல பேசுவாங்க, ஆனா முழங்கால் வலி வந்தா கிச்சேலதான் முனகுவாங்க. அமெரிக்காவுல குவாதமாலா நோயாளி வந்தா உடனே ஸ்பானிஷ்ல ஆரம்பிக்காதே, "வீட்டுல என்ன மொழி பேசுவீங்க?"ன்னு முதல்ல கேளுன்னும் சொல்லியிருக்கேன். பல பேருக்கு ஸ்பானிஷும் ரெண்டாவது மொழிதான்.

இது டெக்சாஸ் போறவளுக்குச் சொன்ன பதில். மயாமின்னா கியூபா காது வேணும், நியூயார்க் பிராங்ஸ்னா டொமினிக்கன், போர்ட்டோ ரிக்கோ காது வேணும். அவங்க "ஸ்"ஸை முழுங்குற வேகத்துக்கு மெக்சிகோ ஸ்பானிஷ் பாதி உதவாது. சுத்திப் பாக்கணும், நல்லா சாப்பிடணும், கூட கொஞ்சம் மொழியும் வேணும்னா தாராளமா பார்சிலோனா போங்க, அதுல ஒரு தப்பும் இல்லை. நகையை வெச்சுப் போகாதீங்க, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். கெரேத்தரோ நாலு வாரம், ஒருத்தருக்கு ஒருத்தர் வகுப்பு, ஒரு குடும்பத்தோட தங்கல், டிக்கெட், டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசி எல்லாம் சேர்த்து சொன்ன தொகையில பாதிதான் வருது. அதுவும் டிக்கெட்தான் பெரும்பகுதி. அவ சேமிப்புலயே முடிஞ்சிடும்.

நேத்து ஃபீஸ் கட்டிட்டியான்னு மெசேஜ் போட்டேன். "அஓரீத்தா"ன்னு ஒத்தை வார்த்தையில பதில் வந்தது. "இப்பவே"ன்னு அர்த்தம். ஆனா மெக்சிகோவுல அதைச் சொன்னா, நம்ம ஊர்ல "இதோ கிளம்பிட்டேன்"னு சொல்ற மாதிரி. அஞ்சு நிமிஷமும் ஆகலாம், அஞ்சு நாளும் ஆகலாம்.

வேற ஊருக்கு வேலைக்கோ படிப்புக்கோ போறவங்க இருந்தா, எந்த ஊர், யார்கிட்ட பேசப் போறீங்கன்னு கீழ எழுதுங்க. நாளைக்கு டியூட்டி முடிஞ்சு தெரிஞ்சதைச் சொல்றேன்.